ட்யூபுலர் பூட்டு: ஏழு ஊசிக் கருவியா, ஒவ்வொரு பின்னாகவா?

பாம்பனில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ட்யூபுலர் பூட்டில் (குழாய் வடிவச் சாவி போடும் பூட்டு; உள்ளே ஏழு பின்கள், அதாவது ஸ்பிரிங் தாங்கும் சிறு கம்பிகள், வட்டமாக நிற்கும்) சாவியில்லாமல் திறக்கும் இரண்டு வழியும் பழகிவிட்டேன். ஏழு ஊசிக் கருவி என்றால் லேசாகத் திருகிக்கொண்டே அழுத்தி அழுத்தி எடுத்தால் போதும், ஊசிகள் அந்தந்த ஆழத்தில் நின்று பின்களைப் பிடித்துக்கொள்ளும், பூட்டு ஒரே திருப்பில் திறக்கும். வேகம் சரி, கை ஒன்றும் கற்காது.

நான் சொல்வது ஒற்றை ஊசியால் ஒவ்வொரு பின்னாக அழுத்தி, சரியான ஆழத்தில் அமரவைப்பதைத்தான். ஒவ்வொரு பின்னும் அமரும்போது விரல் நுனியில் ஒரு சின்ன 'டிக்' வரும் பாருங்கள், அதற்காகவே மணிக்கணக்கில் உட்காரலாம். ஏழும் அமர்ந்து ஏழில் ஒரு பங்கு திரும்பியதும் பின்கள் அடுத்த துளைகளில் விழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அப்புறம், நம் உப்புக்காற்றில் ஸ்பிரிங் துருவேறிய பூட்டில் அந்த டிக் தெரியாது. மண்ணெண்ணெயில் அலசிவிட்டுத் தொடங்குங்கள்.