சரல் பென்ஷன்: போட்ட முதல் யாருக்குத் திரும்புகிறது?

என் பெற்றோருக்காகச் சரல் பென்ஷன் பாலிசி எடுப்பதற்கு முன், அதன் விதிமுறைகளை இரண்டு மாலைகள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்து, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் திட்டம் இது: மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு ஆயுள் முழுவதும் ஓய்வூதியம் பெறலாம். எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றே என்பதால், எவர் கூடுதல் ஓய்வூதியம் தருகிறார் என்று மட்டும் ஒப்பிட்டால் போதும். பாமரருக்கு இது பெரிய உதவி.

40 முதல் 80 வயது வரை சேரலாம். தெரிவுகள் இரண்டே. ஒன்று தனிநபருக்கானது, மற்றொன்றில், ஒருவர் மறைந்தாலும் துணைவருக்கு அதே ஓய்வூதியம் குறையாமல் தொடரும்.

"போட்ட பணம் முழுதாகத் திரும்பும்" என்றார் எங்களிடம் வந்த முகவர். அது உண்மைதான், ஆனால் யாருக்கு, எப்போது என்பதை அவர் சொல்லவில்லை. வங்கி வைப்புபோல நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய இருப்பு இதில் கிடையாது. பணம் கட்டியபின் நமக்குரியது ஆயுள் முழுவதும் வரும் ஓய்வூதியமே. போட்ட முதலோ, ஓய்வூதியம் பெறுவோரின் காலத்துக்குப் பின் நாமினிக்குச் செல்லும், அதுவும் வட்டி ஏதும் சேராமல். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறுவதாகக் கொண்டால், 24 ஆண்டுகள் கழித்து நாமினி பெறும் 10 லட்சத்துக்கு இன்றைய இரண்டரை லட்சத்தின் மதிப்புதான் இருக்கும். ஏறாத மாத ஓய்வூதியமும் அப்படியே தேயும். தவிர, முதலைத் திருப்பித் தர வேண்டியிருப்பதால், அதைத் திருப்பித் தராத ஆயுள் ஓய்வூதியத் திட்டங்களைவிட இதில் மாதத் தொகை குறைவு. பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் தொகைக்கான விலையைப் பெற்றோர் மாதந்தோறும் கொடுக்கிறார்கள் என்பதை எந்த முகவரும் விளக்கிச் சொல்ல வேண்டும்.

இடையில் சரண்டர் செய்வதும், அதாவது பாலிசியை முடித்துக்கொண்டு பணத்தைத் திரும்பப் பெறுவதும், எளிதல்ல. ஆறு மாதங்களுக்குப் பின், பாலிசிதாரருக்கோ துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ பட்டியலிட்ட கடும் நோய்களில் ஒன்று வந்தால் மட்டுமே 95% தொகை திரும்பக் கிடைக்கும். கடன் வசதி உண்டு. ஆனால் கடனுக்கான ஆண்டு வட்டி, ஆண்டு ஓய்வூதியத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. ஓய்வூதியத்துக்கு வருமான வரியும் உண்டு.

இத்தனைக்குப் பின்னும் துணைவருக்குத் தொடரும் தெரிவையே எடுத்தோம், சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை. அப்பா இல்லாத காலத்திலும் அவர் யாரிடமும் கைநீட்டாமல் இருக்க வேண்டும். மருத்துவச் செலவுக்கு வேண்டிய பணத்தை இதில் போடாமல் வங்கியிலேயே வைத்திருக்கிறோம்.