வேலையை வைத்துக்கொண்டு எல்எல்பி நுழைவுத் தேர்வு: என்எல்சாட்டா, க்யூட் பிஜியா?

குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் கிண்டி வருவதற்குள் பத்துக் கேள்வி போட்டுவிடலாம். ஒரு கையில் கம்பி, மறு கையில் போன். ஆனால் அதே ரயிலில் நின்றுகொண்டு ஒரு கட்டுரை எழுத முடியாது. பட்டம் முடித்தவர்கள் சேரும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பான எல்எல்பிக்கு வேலை பார்த்துக்கொண்டே தயாராகிறவருக்கு, இந்த இரண்டு தேர்வுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான நுழைவுத் தேர்வான க்யூட் பிஜியில் 75 கேள்விகள், 90 நிமிடம். எல்லாமே கணினியில் விடையைத் தேர்ந்தெடுப்பவை. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 போய்விடும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சட்ட மையங்களில் சேர இதுதான் வழி. என்எல்சாட் என்பது பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி நடத்தும் தேர்வு. அங்கே மூன்றாண்டுப் படிப்பு 2022-இல்தான் தொடங்கியது. 150 நிமிடம், 150 மதிப்பெண். முதல் பாதி விடையைத் தேர்ந்தெடுப்பது, தவறுக்கு கால் மதிப்பெண் கழியும். மறுபாதி பேனா பிடித்து எழுத வேண்டியது. முதல் பாதியில் முன்னுக்கு வந்தவர்களின் எழுத்துத்தாளை மட்டும்தான் திருத்துவார்கள்.

முதல் பார்வைக்கு க்யூட்தான் வேலையில் இருப்பவர்களுக்குத் தோதானது என்று தோன்றும். கிடைத்த இடைவெளியில் எல்லாம் படிக்கலாம், மதியச் சாப்பாட்டு நேரம்கூடப் போதும். ஆனால் அது கடந்த சில ஆண்டுகளாக மார்ச்சில் நடக்கிறது. வங்கி, ஆடிட் அலுவலகம், கணக்குப் பிரிவு என்று எங்காவது இருப்பவருக்கு மார்ச் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். கடைசி மூன்று வாரம் புத்தகத்தைத் தொடவே முடியவில்லை. க்யூட்டில் கேட்கும் பொது அறிவு என்பது தொடாமல் விட்டால் கரைந்துபோகிற விஷயம். வேறு துறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இருக்காது.

என்எல்சாட்டில் நினைவில் வைக்க வேண்டியது குறைவு. நடப்பு நிகழ்வுகளைத் தவிர மற்றதெல்லாம் பத்தியைப் படித்து யோசிப்பது, ஒரு விதியைக் கொடுத்தால் அதைச் சம்பவத்தோடு பொருத்துவது. பத்து வருஷம் அலுவலகத்தில் ஒப்பந்தமும் மின்னஞ்சலும் படித்துப் பழகியவருக்கு இது கைவந்த வேலை. கல்லூரியிலிருந்து நேராக வருகிறவரைவிட நமக்கு இங்கே ஒரு படி சாதகம் உண்டு என்றே நம்புகிறேன்.

ஆனால் அதற்குக் காலை நேரம் கட்டாயம் வேண்டும். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் உட்கார்ந்து வாடகை ஒப்பந்தம் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். மறுநாள் படித்தால், முதல் பத்தியில் வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்றிருக்கிறது, கடைசிப் பத்தி வாடகைக்கு இருப்பவர் பக்கம் பேசுகிறது. அதே அளவுக் கேள்வியை ஐந்தரைக்கு எழுந்து எழுதினால் அரை மணியில் ஒழுங்காக முடிந்தது. அப்புறம் ராத்திரியை மாதிரித்தாளில் தப்பானவற்றைத் திரும்பிப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டேன். தப்பை எண்ணி விட்டுவிடாமல், ஏன் தப்பாகப் போட்டோம் என்று ஒரு வரி எழுதி வைத்தது ரொம்ப உதவியது. பாதிக்கு மேல் அவசரமாகப் படித்ததால் வந்தவை.

காலையில் குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டியவர், ஷிப்டில் வேலை செய்பவர் என்றால் நான் க்யூட்டைத்தான் சொல்வேன். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணமும் மிகக் குறைவு. மற்றவர்களுக்கு என்எல்சாட். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, பட்டப்படிப்பு மதிப்பெண்தான். நல்ல மதிப்பெண் இருந்தால் அங்கேயும் விண்ணப்பித்து வையுங்கள்.

சரி, வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா? வேண்டாம் என்பேன். தேர்வுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் கிடைத்தாலே போதும், வேலையோடு அது முடிகிற காரியம். வேலைக்கு இடைஞ்சல் வருவது கல்லூரி சேர்ந்த பிறகுதான். சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி 70 சதவீத வருகை வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கை, படிக்கும்போது வேலையில் இருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும், முதலாளியிடம் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும் என்கிறது. அந்த மூன்று வருஷத்துக்கும் கையில் பணம் வேண்டும். அதைச் சேர்க்கும் காலம் இந்தத் தயாரிப்புக் காலம்தான்.

ஒன்றை மட்டும் விண்ணப்பிக்கும்போதே பாருங்கள். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள்? என்எல்சாட் ஏப்ரல் வாக்கில் நடந்து, பெங்களூரில் ஜூலை தொடக்கத்தில் வகுப்பு ஆரம்பித்துவிடும். 90 நாள் நோட்டீஸ் உள்ளவர் முடிவு வந்த அன்றே கடிதம் கொடுத்தாலும் போதாது. அதைக் குறைக்க முடியுமா என்று மேலாளரிடம் ஜனவரியிலேயே பேசிவிடுங்கள்.