மடங்களாக இருந்தவை: கார்மோவும் சான் மார்க்கோவும்

கான்வென்ட் என்றதும் நமக்குக் கன்னியர் மடமே நினைவுக்கு வரும். ஆனால் இங்கே ஒப்பிடும் இரண்டு கான்வென்ட்களிலும் வாழ்ந்தவர்கள் ஆண் துறவியர். லிஸ்பனின் கார்மோ மடத்தை 1389இல் போர்த்துக்கீசியப் படைத்தலைவர் நூனோ ஆல்வாரெஸ் பெரேரா நிறுவினார். 1755 நிலநடுக்கத்தில் அதன் தேவாலயக் கூரை சரிந்தது. மறுகட்டுமானமும் முற்றுப்பெறாமல், 1834இல் துறவற சபைகள் கலைக்கப்பட்டதோடு நின்றுபோனதால், கூர்முனை வளைவுகள் இன்றும் வெறும் வானத்தையே தாங்கி நிற்கின்றன.

இத்தாலியின் புளோரன்சிலுள்ள சான் மார்க்கோவோ துறவியர் வாழ்ந்த வடிவிலேயே எஞ்சியிருக்கிறது. அந்நகரின் செல்வாக்குமிக்க வங்கியாளர் கோசிமோ தெ மெதிச்சியின் பொருளுதவியோடு 1437 முதல் கட்டடக் கலைஞர் மிக்கெலொட்சோ அதைப் புதுப்பித்தார். மாடிப்படி முடியும் இடத்தில் துறவியும் ஓவியருமான ஃப்ரா ஆஞ்சலிகோ தீட்டிய மங்கள வார்த்தைக் காட்சி (இயேசுவின் பிறப்பை வானதூதர் மரியாளுக்கு அறிவிக்கும் காட்சி) நேர் எதிரே தெரியும். அதைக் கடந்தால் வரிசையாகச் சிற்றறைகள். ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சாளரம், அதனருகே ஈரச் சுண்ணப் பூச்சின்மேல் வரைந்த ஓர் ஓவியம். அவை அழகுக்காக மட்டும் வரையப்பட்டவை அல்ல. தனித்திருக்கும் துறவியின் தியானத்திற்குத் துணையானவை. பின்னாளில் மடத்தலைவராக இருந்த, அனல் பறக்கும் போதகர் சவோனரோலாவின் அறைகளும் அங்கேயே உள்ளன.

இரண்டும் இப்போது அருங்காட்சியகங்களே: கார்மோ 1864 முதல், சான் மார்க்கோ 1869 முதல். கோதிக் எனப்படும் இடைக்கால ஐரோப்பியக் கட்டுமானத்தின் எலும்புக்கூட்டைக் காண விரும்புவோர் கார்மோவுக்குப் போகலாம். மடத்து வாழ்க்கையை உணர விரும்புவோருக்கு நான் தயங்காமல் சொல்வது சான் மார்க்கோவைத்தான்.