கட்டைவிரலில் டிரம்ஸ் வைத்திருக்கும் லேரி கிரஹாம்

போன மாதம் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் எங்கள் ஆர்கெஸ்ட்ரா. நான் பேஸ் கிட்டார். வயரெல்லாம் சுருட்டி வேனில் ஏற்றி தர்மபுரிக்குத் திரும்பும்போது மணி இரண்டரை. தூக்கம் வரவில்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமெரிக்க பேஸ் கிட்டார்காரர் லேரி கிரஹாம் தன் கிரஹாம் சென்ட்ரல் ஸ்டேஷன் குழுவோடு 60 வயதுக்கு மேல் வாசித்த ஒரு கச்சேரியைப் போட்டேன், வீட்டுக்கு வந்த பிறகும் திண்ணையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

முதலில் அந்த வரவு. குழுவே டிரம்ஸைத் தோளில் மாட்டி அடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நடந்து வருகிறது. நம் ஊரில் சாமிக்கு முன்னால் பம்பை வருமே, அதே வேகம், அதே நெருக்கம். மேடை ஏறிய பிறகும் மனுஷன் அங்கேயே நிற்பதில்லை. பாடுகிற மைக்கை பேஸிலேயே பொருத்தி வைத்திருக்கிறார், அதனால் வாசித்துக்கொண்டே, பாடிக்கொண்டே ஜனங்களுக்குள் இறங்கிவிடுகிறார்.

வாசிப்பு என்றால், தடித்த கம்பியில் கட்டைவிரலை அடித்தால் அது காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம், மெல்லிய கம்பியை விரலால் சுண்டிவிட்டால் அது குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம். ராஜா சார் பாட்டில் பேஸ் தனியாக ஒரு மெட்டு பாடும், அதைக் கேட்டு வளர்ந்த காது எனக்கு. இவர் பேஸில் மெட்டை விட அடிதான் முன்னால் நிற்கிறது, கேட்பவனுக்குத் தோள் தானாக ஆடுகிறது.

இந்த ஸ்லாப் வாசிப்பு எப்படி வந்தது என்ற கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1946-ல் டெக்சாஸில் பிறந்து ஓக்லாந்தில் வளர்ந்தவர், பதின்வயதிலேயே பியானோ வாசித்துப் பாடும் அம்மாவோடு கிளப்புகளில் கிட்டார் வாசிக்கிறார், காலால் ஆர்கனின் பேஸ் பெடலையும் மிதித்துக்கொண்டு. ஒருநாள் ஆர்கன் ரிப்பேர். சரி, அது சரியாகும்வரை என்று வாடகைக்கு ஒரு பேஸ் எடுக்கிறார், ஆர்கன் சரியாகவே இல்லை. அப்புறம் டிரம்மரும் இல்லாமல் போக, அந்த இடத்தை நிரப்பத்தான் கட்டைவிரலால் அடிக்க ஆரம்பித்தார். எங்கள் தொழிலில் இது தலைகீழ். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் நிறுத்துவது பேஸ் ஆளைத்தான், கீபோர்டுக்காரர் இடது கையில் சமாளித்துக்கொள்வார் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு இரண்டு சீசன் அப்படிப் போயிருக்கிறது, அதனால் இந்தக் கதையைக் கேட்கும்போது கண் கலங்கிவிட்டது.

அந்த வாசிப்பைக் கேட்ட ஒரு ரசிகை, அப்போது ரேடியோவில் வேலை பார்த்த பாடகர் ஸ்லை ஸ்டோனுக்கு போன் மேல் போன் போட்டு வரவழைத்ததாக லேரியே சொல்லியிருக்கிறார். அப்படித்தான் ஸ்லையின் 'ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன்' குழுவில் லேரி சேர்ந்தார். 1969-ல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவில் அவர்கள் மேடையேறியபோது விடிகாலை மூன்றரை மணி இருக்கும், அந்த நேரத்தில் ஜனங்களை எழுப்பி ஆடவைப்பது எவ்வளவு பாடு என்று விடிய விடியத் தெருக்கூத்து பார்த்த நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அதே வருடக் கடைசியில் வந்த 'தேங்க்யூ' பாட்டில் அந்தக் கட்டைவிரல் உலகம் முழுக்கக் கேட்டது. 1972-ல் விலகி, சொந்தக் குழு தொடங்கி, 1980-ல் 'ஒன் இன் எ மில்லியன் யூ' என்ற மெல்லிய காதல் பாட்டில் பாடகராகவும் ஜெயித்தார். அடிவயிற்றிலிருந்து வரும் குரல், வயதானாலும் கனம் குறையவில்லை.

குறை என்றால் ஒன்று உண்டு. சோலோவில் எஃபெக்ட் பெடலை மிதித்துக் கரகரவென்று இழுக்கும் இடம் எனக்கு நீளமாகப் பட்டது, வெறும் விரலோடு விட்டிருக்கலாம். இன்னொன்று, தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாதி வாசிப்பு காதுக்கே வராது. ஹெட்போனோ நல்ல பாக்ஸோ வேண்டும்.

நேற்று ரிகர்சலில் பேடு (எலக்ட்ரானிக் டிரம்) வாசிக்கும் தம்பியை ஒரு பாட்டுக்கு மட்டும் கை கட்டி உட்காரச் சொல்லிவிட்டு, கட்டைவிரலிலேயே தாளத்தை ஓட்டிப் பார்த்தேன். பல்லவி முடிவதற்குள் விரல் சிவந்துவிட்டது. கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்து, "நிறுத்தாதடா, சரணத்துக்கும் அப்படியே போ" என்றார்.