பழைய லட்விக் டிரம்மின் வயது: வரிசை எண்ணா, உட்புறமா?

அமெரிக்க நிறுவனமான லட்விக் செய்த பழைய டிரம் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது பேட்ஜில், அதாவது டிரம்மின் வெளிப்புறத்தில் பதித்த பெயர்த்தகட்டில், உள்ள வரிசை எண்ணைத்தான். ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் படித்துவிடலாம் என்பது அதன் ஒரே வசதி. 1960களின் தொடக்கத்தில் செய்தவற்றில் பெரும்பாலும் எண்ணே இருக்காது. எண் உள்ளவற்றிலும், சிகாகோ தொழிற்சாலையில் பேட்ஜ்களை வரிசை பார்த்துப் பொருத்தவில்லை. ஒரே செட்டின் டிரம்களில்கூட எண்கள் தொடர்ந்து வராது. ஆகவே எண் தருவது ஏறத்தாழ ஒரு காலம்தான்.

தோலைக் கழற்றி உள்ளே பாருங்கள். அங்கேதான் டிரம் மனம்விட்டுப் பேசுகிறது. டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், 1960களின் பல ஷெல்களில் (டிரம்மின் மர உடல்) சிவப்பு மையில் குத்திய தேதி முத்திரை மங்கலாகத் தெரியும். அது அழிந்திருந்தாலும் பூச்சு இருக்கிறது: புள்ளி தெளித்த சாம்பல் நிறம் என்றால் ஏறக்குறைய 1968க்கு முன்; மரம் தெரியும் தெளிந்த பூச்சு என்றால் பெரும்பாலும் அதற்குப் பின்.

மாற்றப்பட்ட பாகங்களை எண் ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. ஒரு லக்கை, அதாவது தோலை இறுக்கும் திருகைத் தாங்கும் உலோகப் பாகத்தை, கழற்றிப் பார்த்தால், அடியில் வெயில் படாத வெளி உறையின் அசல் நிறம் அதன் வடிவத்திலேயே பதிந்திருக்கும். அந்த வடிவம் லக்கோடு பொருந்தவில்லை என்றாலோ, பக்கத்தில் அடைத்த துளை தெரிந்தாலோ, பேட்ஜ் எவ்வளவு பளபளத்தாலும் அந்த டிரம்மை அசல் என்று வாங்க மாட்டேன்.