கச்சான் வெயிலில் ஆறு வருடம்: என் ஃபைபர் பவர் மீட்டர்

ஃபைபர் வேலைக்கு வந்து எட்டு வருடம். அதில் ஆறு வருடமாக இண்டியம் காலியம் ஆர்சனைடு சென்சர் வைத்த பவர் மீட்டர்தான் (ஃபைபரில் வரும் ஒளி எவ்வளவு என்று அளக்கும் கருவி) என் பையில் இருக்கிறது. திருகோணமலைப் பக்கம் உவர்மலை, உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா என்று அது போகாத இடம் குறைவு. மீட்டர் வாங்கப் போகும் தம்பிமார் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள், நான் சொல்வது, சென்சர் எதால் செய்தது என்று கேளுங்கள்.

அதற்கு முன் ஜேர்மானியம் சென்சர் மீட்டர் ஒன்று வைத்திருந்தேன். ஒரு ஆவணி மாதம், நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதிக்குப் புது லைன். காலையில் ஏசி அறைக்குள் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ரெஃபரன்ஸ் (ஒப்பிட்டுப் பார்க்கும் ஆரம்ப அளவு) எடுத்துவிட்டு, மத்தியானம் கச்சான் காற்று அனலாக வீசுகிற நேரத்தில் மற்றப் பக்கம் போய் அளந்தேன். இழப்பு நன்றாகக் குறைவாகவே காட்டியது, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் லைன் அறுந்து அறுந்து வருகிறது என்று கூப்பிட்டார்கள், ஒரு ஸ்பிளைஸ் (இரண்டு ஃபைபரை ஒட்டிய இடம்) சரியில்லை. பிறகு வீட்டில் லேசர் சோர்ஸை நிழலில் வைத்து, மீட்டரை மட்டும் கால் மணித்தியாலம் வெயிலில் காயவிட்டுப் பார்த்தேன். ஒளி அதேதான், ரீடிங் 0.4 டெசிபெல் கூடிவிட்டது! அந்த ஸ்பிளைஸின் இழப்பை வெக்கைதான் மறைத்திருக்கிறது.

காரணம் இதுதான். குறைகடத்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி இடைவெளி உண்டு, 1.24ஐ இலத்திரன்வோல்ட்டில் உள்ள அந்த இடைவெளியால் பிரித்தால் எத்தனை மைக்ரோமீட்டர் அலைநீளம் வரை அது ஒளியைப் பிடிக்கும் என்று வந்துவிடும். ஜேர்மானியம் ஒளியை நன்றாக உறிஞ்சும் நேரடி இடைவெளி 0.8 இலத்திரன்வோல்ட், அதாவது சரியாக 1.55 மைக்ரோமீட்டர், 1550 நானோமீட்டர் பக்கம். நாம் அளக்கும் இடமே அதன் விளிம்பில் நிற்கிறது. சூடானால் இடைவெளி சுருங்கும், விளிம்பு தள்ளிப் போகும், ரீடிங் ஏறும்.

இப்போது என்னிடம் இருக்கும் இண்டியம் காலியம் ஆர்சனைடு போன்ற கலவைச் சென்சரில் அந்த விளிம்பை நாமே எங்கே வைப்பது என்று தீர்மானிக்கலாம், எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம் அதுதான். காலியம் ஆர்சனைடு தனியே என்றால் 0.87 மைக்ரோமீட்டரில் நின்றுவிடும், இண்டியம் ஆர்சனைடு தனியே 3.4 அளவுக்குப் போகும். இண்டியம் 53க்குக் காலியம் 47 என்ற விகிதத்தில் இரண்டையும் கலந்தால் இடைவெளி 0.75 அளவில் வந்து விளிம்பு 1.65 தாண்டி நிற்கிறது, அதோடு அடித்தளமான இண்டியம் பொஸ்பைடு தட்டின் மேல் படிக அடுக்கு பிசகாமல் அச்சொட்டாக உட்காருகிறது. நாம் அளக்கும் 1310, 1490, 1550 நானோமீட்டர் மூன்றும் விளிம்புக்கு எட்ட, அதன் ரீடிங் மாறாத சமதரையில் விழுகின்றன. அதே வெயில் சோதனையை இதில் செய்தபோது 0.05 டெசிபெல் கூட அசையவில்லை. (பாதரசமும் காட்மியமும் டெலூரியத்தோடு கலந்து 10 மைக்ரோமீட்டர் வெப்பக் கதிரைப் பிடிக்கலாம் என்று 1959இல் இங்கிலாந்தில் காட்டியதும் இதே விகித வித்தைதான், ஆனால் அதற்குத் திரவ நைதரசன் குளிர் வேண்டும்.)

குறையும் உண்டு. 850 நானோமீட்டரில் இது பலவீனம், மேலே இருக்கும் இண்டியம் பொஸ்பைடு மூடி 920க்குக் கீழே உள்ள ஒளியைத் தானே விழுங்கிவிடுகிறது. 850இல் ஓடும் பழைய மல்டிமோட் (குறுந்தூர ஃபைபர்) வேலை அதிகம் என்றால் சிலிக்கன் சென்சர் ஒன்றும் வைத்திருங்கள். 1625 நானோமீட்டரில் விளிம்பு கிட்ட வந்துவிடுவதால் அந்த ரீடிங்கை மட்டும் கொஞ்சம் கவனித்துப் பார்ப்பேன்.

ஆறு வருடத்தில் ரப்பர் உறை பிசுபிசுத்துப் போனது, பற்றரி முனை உப்புக் காற்றில் துருப்பிடித்து இரண்டு தடவை சுரண்டினேன். சென்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் அலஸ்தோட்டத்தில் ஒரு வீட்டில் ரவுட்டர் சிவப்பு லைட் காட்டியது, மீட்டரில் மைனஸ் 29 டிபிஎம் (மைனஸ் கூடக் கூட ஒளி குறைவு). சாதாரண ஜிபொன் (வீட்டு ஃபைபர் இணைய முறை) மொடெம்முக்கு மைனஸ் 27க்குக் கீழே போனால் நம்ப முடியாது. "தம்பி, நேற்று வரை ஓடினதுதானே" என்றார் அந்த வீட்டு அம்மா. கனெக்டர் முனையைத் துடைத்துச் செருகினேன், மைனஸ் 22.3. அந்த எண்ணைப் பார்த்ததும் சந்தேகமில்லாமல் பையை மூட முடிந்தது.

சென்சர் வாய்க்கு மூடி போட மறக்காதீர்கள். கடற்கரை வீடுகளில் கழற்றி வைத்தால் உப்புப் படலம் பிடிக்கிறது. ஐசோபுரோபைல் அற்ககோல் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்தால் போய்விடும், சட்டை நுனியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.