மார்புக் கட்டிக்கு எந்த பயாப்ஸி: மெல்லிய ஊசியா, கோர் ஊசியா, ஆபரேஷனா?

ஸ்கேன் ரிப்போர்ட்ல பைராட்ஸ் (புற்றுநோய் சந்தேகம் எவ்வளவுன்னு சொல்ற எண்) 4, 5ன்னு வந்துட்டா அடுத்தது பயாப்ஸிதான், அதாவது கட்டியிலேர்ந்து கொஞ்சம் எடுத்து சோதிக்கறது, ஆனா எந்த பயாப்ஸிங்கறதுலதான் நிறைய பேர் குழம்பிடறாங்க. என்னைக் கேட்டா, கட்டி அல்ட்ராசவுண்ட்ல தெரியுதுன்னா அதைப் பாத்துக்கிட்டே கொஞ்சம் தடிச்ச ஊசியால எடுக்கற கோர் பயாப்ஸிக்குத்தான் முதல் ஓட்டு.

எஃப்என்ஏசிங்கறதுதான் மெல்லிய ஊசி முறை, வலி கம்மி, ரிசல்ட்டும் சீக்கிரம் வந்துரும். ஆனா கிடைக்கறது உதிரி செல்லுங்கதான், புற்றுநோய் பால் குழாய்க்குள்ளயே நிக்குதா வெளிய பரவ ஆரம்பிச்சிருச்சான்னு அதை வச்சு சொல்ல முடியாது. நீர்க்கட்டியை வடிக்க, அக்குள் நெறிக்கட்டியைப் பாக்கன்னா சரி.

கோர் பயாப்ஸில பெரும்பாலும் 14 கேஜ் (கேஜ்னா ஊசியோட தடிமன் அளவு) ஊசி, திசுவே சின்னச் சின்ன நூல் துண்டா வரும். அதுலயே ஈஆர், பிஆர்ங்கற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2ங்கற புரதம் எல்லாம் பாத்துரலாம், என்ன ட்ரீட்மென்ட்ங்கறது பாதி இங்கயே முடிவாயிரும். மரத்துப்போக ஊசி போட்டு தோல்ல சின்னதா ஒரு கீறல், ஊசியை நெஞ்சுச் சுவருக்கு இணையா சாய்ச்சு கொண்டு போவாங்க, நுரையீரல் பக்கம் போயிடக் கூடாதுன்னு. திரையில ஊசி வெள்ளைக் கோடா கட்டி ஓரத்துல வந்து நிக்கும், அப்புறம் டக்குன்னு ஸ்பிரிங் சத்தம், முன்னாடியே சொல்லி வைக்கலன்னா தூக்கிவாரிப் போடும். தையல் தேவையில்ல, கொஞ்ச நாள் கன்னிப்போயிருக்கும், அவ்வளவுதான். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க மட்டும் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிரணும்.

அல்ட்ராசவுண்ட் தோக்கற இடமும் இருக்கு. மேமோகிராம்ல (மார்பு எக்ஸ்ரே) மட்டும் பொடிப் பொடியா தெரியற கால்சியம் புள்ளிங்க இதுல பெரும்பாலும் சரியா தெரியாது, அதுக்கு மேமோகிராம் பாத்தே எடுக்கற ஸ்டீரியோடாக்டிக் முறைதான், எம்ஆர்ஐல மட்டும் தெரியறதுக்கு எம்ஆர்ஐ வழிகாட்டணும்.

ஊசி பட்டா கேன்சர் பரவிடும்னு தள்ளிப்போடறவங்களை நினைச்சாதான் மனசு ஆறமாட்டேங்குது. ஊசி போன வழியில சில செல் நகரலாம், ஆனா அதனால உயிருக்கு ஆபத்து கூடுதுன்னு ஆதாரம் இல்ல, தள்ளிப்போடறதுலதான் ஆபத்து இருக்கு.

எடுத்ததும் ஆபரேஷன் வேணாம்னுதான் சொல்வேன். சாதாரண கட்டின்னா வீணா ஒரு தழும்பு, கேன்சர்னா பெரும்பாலும் இன்னொரு ஆபரேஷன். ஆனா ஸ்கேன் பாக்க ரொம்ப சந்தேகமா இருந்து கோர் ரிசல்ட் மட்டும் ஒண்ணுமில்லன்னு வந்தா நிம்மதியா வீட்டுக்குப் போயிடக் கூடாது, ரெண்டும் ஏன் ஒத்துப்போகலன்னு டாக்டர்கிட்ட கேட்டே ஆகணும், அப்ப மறுபடி பயாப்ஸியோ, கட்டியையே எடுத்துப் பாக்கறதோதான் சரி.